18 வருடப் பழக்கமும் 87 நிமிடப் படமும்

கதை இன்னும் தொடங்கவே இல்லை. 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் முத்திரை திரையில் நிற்கிறது. எல்லோருக்கும் பழக்கமான அந்த முரசும் எக்காளமும் முழங்குகின்றன. அப்போது '20' என்ற எண்ணின் பூஜ்யத்துக்குள் ரால்ஃப் விக்கம் என்ற சிறுவன் வந்து நின்றுகொண்டு, இசையோடு சேர்ந்து வாயாலேயே பாடுகிறான். சில வினாடிகள்தான். 'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்திராதவருக்கு அவன் யாரோ ஒரு கார்ட்டூன் பையன். பார்த்து வளர்ந்தவருக்கு அவன் ரால்ஃப்: போலீஸ் தலைவரின் மகன், வகுப்பில் உட்கார்ந்து பசையைத் தின்கிறவன், யார்மீதும் துளி வன்மம் இல்லாதவன். அவர் அங்கேயே சிரித்துவிடுகிறார். இத்தனைக்கும் அங்கே பெரிதாக ஒரு ஜோக்கும் இல்லை. தெரிந்த வீட்டுப் பையனைப் பெரிய திரையில் பார்த்துவிட்ட சந்தோஷம், அவ்வளவுதான்.

2007 ஜூலை 27 அன்று அமெரிக்காவில் வெளியான 'த சிம்ப்சன்ஸ் மூவி'க்கு ரசிகர்கள் காட்டிய வரவேற்பு, எதிர்ப்பு, ஏமாற்றம், கண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்பில்தான் விளக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் தியேட்டருக்குப் போனது ஒரு புதுப் படம் பார்க்க அல்ல. 18 வருடமாக வாராவாரம் பார்த்துவந்த ஒரு குடும்பத்தை வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்கப் போனார்கள். வேறோர் இடத்தில் பார்க்கும்போது தெரிந்த முகமும் கொஞ்சம் மாறித்தான் தெரியும். அந்த மாற்றத்தை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தே அவர்களுடைய கருத்துகளும் பிரிந்தன.

கொஞ்சம் பின்னணி. மேட் க்ரோனிங் உருவாக்கிய இந்தக் குடும்பம் முதலில் 1987 ஏப்ரலில், 'த டிரேசி உல்மன் ஷோ'வின் நடுவே வரும் குட்டிக் குட்டிப் படங்களாக வந்தது. 1989 டிசம்பர் 17 அன்று அரைமணி நேரத் தொடராகத் தனியே கிளம்பியது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் அப்பா ஹோமர், வீட்டைத் தாங்கும் அம்மா மார்ஜ், வம்புக்காரப் பையன் பார்ட், புத்திசாலிப் பெண் லிசா, சூப்பானை வாயிலிருந்து எடுக்காத குழந்தை மேகி, அவர்களைச் சுற்றி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். படம் வந்தபோது தொடர் 18 சீசன்களையும் 400 எபிசோடுகளையும் முடித்திருந்தது. அத்தனை வருடத்திலும் பார்ட்டுக்கு வயது பத்து, லிசாவுக்கு எட்டு. மேகி இன்னும் நடக்கும்போதெல்லாம் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள்.

இந்த வயதுக் கணக்கைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சிட்காம் எனப்படும் நகைச்சுவைத் தொடர் வடிவத்துக்கு ஒரு அடிப்படை விதி உண்டு: எபிசோடு முடியும்போது எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். ஹோமருக்கு வேலை போகும், இருபத்திரண்டு நிமிடத்துக்குள் திரும்பக் கிடைக்கும். வீடு எரியும், அடுத்த வாரம் அதே சோபா அதே இடத்தில் இருக்கும். நடிகர்களை வைத்து எடுக்கும் தொடரில் இந்த விதியைக் காலம் மெல்ல அரித்துவிடும். குழந்தை நட்சத்திரத்துக்கு மீசை முளைக்கும், யாராவது விலகிப் போவார்கள். அனிமேஷனில் அந்தத் தொல்லை இல்லை. பார்க்கிறவர்தான் வளர்வார், திரையில் இருப்பவர் வளர மாட்டார். 1990இல் பார்ட்டின் வயதில் தொடரைப் பார்க்க ஆரம்பித்த ஒருவருக்கு 2007இல் இருபத்தேழு வயது. பள்ளி முடிந்து, கல்லூரி முடிந்து, வேலை, ஒருவேளை கல்யாணமும் ஆகியிருக்கும். இந்த நாட்கள் எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது மஞ்சள் தோலோடு வரையப்பட்ட அந்தக் குடும்பம் ஒன்றுதான்.

சினிமா கேட்பதோ இதற்கு நேர் எதிரானது. ஒன்றரை மணி நேரம் ஒருவரை இருட்டில் உட்கார வைக்க வேண்டுமென்றால் ஏதாவது நிஜமாகவே பறிபோகும் என்ற பயம் வேண்டும். யாராவது மாற வேண்டும். மாறவே கூடாத ஒரு ஊரை எடுத்து, மாற்றத்தைக் கேட்கும் ஒரு வடிவத்துக்குள் வைப்பது எப்படி? ரசிகர்களின் புகார்கள் ஆளுக்கொன்றாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இந்த ஒரு சிக்கலில்தான் வந்து முட்டுகின்றன.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1992இல் நான்காவது சீசனின் முதல் எபிசோடாக வந்த 'கேம்ப் கிரஸ்டி'யைப் படமாக எடுக்கலாம் என்று ஜேம்ஸ் எல். புரூக்ஸ் அப்போதே யோசித்தார். கதை அந்த நீளத்துக்கு இழுபடவில்லை, சீசனின் முதல் எபிசோடாக வைக்க வேறு கதையும் கையில் இல்லை. யோசனை கைவிடப்பட்டது. அப்புறம் பல வருடம் 'படம் வரும், வரும்' என்ற பேச்சுதான். 2001இல் குரல் நடிகர்கள் படத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஆனது. ஸ்கிரிப்டை நூறு தடவைக்கு மேல் திருத்தி எழுதியதாக அதில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் ரசிகர்களின் மனநிலையும் மாறிவிட்டது. தொடரின் பொற்காலம் என்று பெரும்பாலோர் சொல்வது ஏறக்குறைய மூன்றாம் சீசனிலிருந்து எட்டாம் சீசன் வரை. 1997 செப்டம்பரில் வந்த 'த பிரின்சிபல் அண்ட் த பாப்பர்' எபிசோடில், அத்தனை வருடமாக நாம் பார்த்த பள்ளி முதல்வர் ஸ்கின்னர் உண்மையில் ஸ்கின்னரே இல்லை, வேறொருவர் என்று திடீரென்று சொன்னார்கள். அதை இன்றுவரை மன்னிக்காத ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. கதை பிடிக்காமல் போனதால் வந்த கோபம் அல்ல அது. 'நீ பல வருடமாக நேசித்த ஆள் பொய்' என்று சொன்னதால் வந்த கோபம்.

அதே 1997இன் பிப்ரவரியில் தொடரே தன் ரசிகர்களைப் பற்றி ஒரு எபிசோடு செய்தது. தொடருக்குள் வரும் 'இட்சி அண்ட் ஸ்கிராட்சி' என்ற கார்ட்டூனில் 'பூச்சி' (Poochie) என்ற புது நாயைச் சேர்க்கிறார்கள், எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. காமிக் புத்தகக் கடைக்காரர் வந்து, இதுவரை வந்ததிலேயே மோசமான எபிசோடு இதுதான் என்கிறார். பார்ட் அவரிடம் கேட்கிறான்: இத்தனை வருடமாக உங்களுக்கு இலவசமாகச் சிரிப்பைத் தந்திருக்கிறார்கள், உங்களுக்கு அவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? உண்மையில் நீங்கள்தானே கடன்பட்டவர்? அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதால்தான் அது இன்னும் பேசப்படுகிறது. அந்த எபிசோடுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது 167ஆவது. 166 எபிசோடுகளோடு நின்ற 'த ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற பழைய கார்ட்டூன் தொடரின் எபிசோடு எண்ணிக்கைச் சாதனையை அன்றுதான் சிம்ப்சன்ஸ் தாண்டியது.

ஆகவே 2007இல் தியேட்டர் வாசலில் நின்ற கூட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். தொடர் தன் பழைய சாரத்தை இழந்துவிட்டது என்று நம்பி, படமாவது அதை மீட்டுத் தருமா என்று வந்தவர்கள் ஒரு பக்கம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறவர்கள் மறுபக்கம். முதல் வகையினருக்கு நம்பிக்கை தந்தது எழுத்தாளர் பட்டியல். படத்தில் பதினொரு எழுத்தாளர்களின் பெயர் இருக்கிறது. ஜார்ஜ் மேயர், டேவிட் மிர்கின், ஜான் விட்டி, மைக் ரைஸ், அல் ஜீன், எல்லோரும் பொற்காலத்து ஆட்கள். எல்லோரையும் விட முக்கியமாக ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர். தொடரில் 59 எபிசோடுகள் எழுதியவர், வேறு யாரும் அத்தனை எழுதவில்லை. வெளியுலகில் முகம் காட்டாத மனிதர் என்பதால் அவரைப் பற்றி ரசிகர்களுக்குள் ஒரு தனி மரியாதையே உண்டு. இயக்கியவர் டேவிட் சில்வர்மேன், உல்மன் ஷோ காலத்திலிருந்தே இந்தப் பாத்திரங்களை வரைந்தவர். பழைய அணி முழுவதையும் ஒரே ஆட்டத்துக்கு மீண்டும் களமிறக்கியது போல இருந்தது அந்தப் பட்டியல். எதிர்பார்ப்பு ஏறாமல் என்ன செய்யும்?

வந்தவர்களின் சந்தேகத்தை எழுத்தாளர்களும் அறிந்திருந்தார்கள். படம் இட்சி அண்ட் ஸ்கிராட்சியின் ஒரு படத்தோடு தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில்தான் தெரிகிறது, ஹோமரும் குடும்பமும் தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். ஹோமர் எழுந்து, டிவியில் சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கிறோமே, இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் ஏமாளிகள் என்று சத்தம் போடுகிறார். 'முக்கியமாக நீங்கள்' என்று நம்மை நோக்கி விரலை நீட்டுகிறார். ஒவ்வொரு ரசிகரும் டிக்கெட் வாங்கும்போது மனதுக்குள் நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை வைத்துப் படத்தோடு சண்டை போட முடியாது.

கதை எளிமையானது. ஹோமர் ஒரு பன்றியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார், அதன் கழிவைச் சேர்த்துவைத்த தொட்டியை ஏரியில் கொட்டுகிறார், ஏரி நாசமாகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஊரையே ஒரு கண்ணாடிக் கூண்டு போட்டு மூடுகிறது. காரணம் ஹோமர் என்று தெரிந்ததும் ஊர் திரண்டு அடிக்க வருகிறது, குடும்பம் அலாஸ்காவுக்குத் தப்புகிறது, பிறகு ஊரைக் காப்பாற்றத் திரும்புகிறது.

இதைப் பார்த்துவிட்டு வந்த ரசிகர்களிடம் அடிக்கடி கேட்ட வாசகம், 'நாலு எபிசோடைச் சேர்த்துத் தைத்தது போல இருக்கிறது' என்பது. சிலர் இதைப் பாராட்டாகச் சொன்னார்கள், சிலர் குறையாகச் சொன்னார்கள். கணக்குப்படியும் சரிதான்: படம் 87 நிமிடம், ஒரு எபிசோடு 22 நிமிடம். ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சி எபிசோடை விளம்பர இடைவேளைகளை வைத்து எழுதுவார்கள். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் கதை ஒரு திருப்பத்தில் நிற்க வேண்டும். சிம்ப்சன்ஸில் முதல் சில நிமிடக் கதைக்கும் பிறகு வரும் கதைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. எங்கோ தொடங்கி எங்கோ போய் நிற்பதுதான் அதன் அழகு. பல வருடம் அப்படி எழுதிய கை, படம் எழுதினாலும் அப்படித்தான் எழுதும். ஏரி, கூண்டு, அலாஸ்கா, திரும்புதல் என்று தனித்தனிப் பகுதிகளாகப் படம் பிரிவதை யாரும் உணரலாம். அலாஸ்காவுக்குப் போன பிறகு வேகம் குறைகிறது என்ற புகார் எனக்கும் நியாயமாகவே படுகிறது. காரணம் அலாஸ்கா அல்ல. ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு வெளியே போனதும் அந்த ஊர் ஜனங்கள் திரையில் இல்லாமல் போகிறார்கள்.

அங்கேதான் அடுத்த பெரிய மனக்குறை. இந்தத் தொடரின் உயிர் ஐந்து பேரில் மட்டும் இல்லை. மதுக்கடை மோ, கோமாளி கிரஸ்டி, முதலாளி பர்ன்ஸ், பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸ், முதல்வர் ஸ்கின்னர், மில்ஹவுஸ், இப்படி ஒரு ஊரே இருக்கிறது. ஆளுக்கொரு பிரியமான பாத்திரம் உண்டு. ஊர் திரண்டு ஹோமர் வீட்டுக்கு வரும் காட்சியில் 300க்கும் மேற்பட்ட பாத்திரங்களை வரைந்திருக்கிறார்கள். படத்தை நிறுத்தி நிறுத்தி அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்க்கும் சுகம் ரசிகர்களுக்கு மட்டுமே தெரியும். ஆனால் முகம் காட்டுவது வேறு, கதையில் வேலை இருப்பது வேறு. பர்ன்ஸுக்கு ஒன்றிரண்டு காட்சிகள். தொடரில் அடிக்கடி வரும் வில்லன் சைட்ஷோ பாபைக் காணவே இல்லை. ஊரைக் கூண்டு போட்டு மூடும் நிறுவனத்தின் தலைவரான வில்லன் ரஸ் கார்கிலுக்குக் குரல் கொடுத்த ஆல்பர்ட் புரூக்ஸ்தான் 1996இல் ஹேங்க் ஸ்கார்பியோ என்ற மறக்க முடியாத வில்லனுக்கும் குரல் கொடுத்தவர். முதலில் ஸ்கார்பியோவையே திரும்பக் கொண்டுவரும் யோசனை இருந்தது, பிறகுதான் கார்கிலை உருவாக்கினார்கள். அது தெரிந்த நாளிலிருந்து 'ஸ்கார்பியோ வந்திருந்தால்' என்று பேசாத ரசிகர் இல்லை.

சரி, எல்லோரையும் ஒன்றுசேர்த்த இடங்களும் இருந்தன. கண்ணாடிக் கூண்டு வானத்திலிருந்து இறங்குகிறது. ஊரில் தேவாலயமும் மோவின் மதுக்கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டு இடத்திலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார்கள், அலறுகிறார்கள், ஓடுகிறார்கள். தேவாலயத்தில் இருந்தவர்கள் மதுக்கடைக்குள், மதுக்கடையில் இருந்தவர்கள் தேவாலயத்துக்குள். ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. உலகம் முடியப்போகிறது என்றால் மனிதன் எதைப் பிடித்துக்கொள்வான் என்று ஒரு நாவல் சொல்ல வேண்டியதை அந்த ஒரு ஷாட் சொல்லிவிடுகிறது. பொற்காலத்தை நினைத்து ஏங்கியவர்கள் கேட்டது இதைத்தான். சிரிப்பு வந்து முடிந்த பிறகு யோசனை ஒன்று மிஞ்ச வேண்டும்.

இன்னொன்று பன்றி. ஹோமர் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கூரையில் நடக்கவைத்துப் பாடும் 'ஸ்பைடர் பிக்' பாட்டு டிரெய்லரிலேயே பற்றிக்கொண்டது. படத்தின் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் அதைப் பெரிய பாடகர் குழுவை வைத்துப் பதிவு செய்தார், அது பிரிட்டனின் பாடல் தரவரிசையில்கூட இடம்பிடித்தது. தொடரை ஒருநாளும் பார்க்காதவர்கள் எல்லாம் அதைப் பாடியது பழைய ரசிகர்கள் சிலருக்குக் கசந்தது. அந்தக் கசப்பும் இயல்பானதுதான். நம் வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட செல்லப்பேர் தெருவெல்லாம் கேட்டால் கொஞ்சம் உறுத்தும்.

காட்சி அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகலத் திரை, பாத்திரங்களுக்கு நிழல், நுட்பமான வண்ணம். பழைய சதுரப் பெட்டியில் நிழலே இல்லாமல் பார்த்த ஊருக்குத் திடீரென்று வெயில் வந்தது போல இருந்தது. இதில் பெரிய சண்டை இல்லை.

மார்ஜ் விட்டுச்சென்ற கேசட்

படத்தைப் பற்றி எதில் கருத்து வேறுபட்டாலும், ரசிகர்கள் குரல் தாழ்த்திப் பேசும் காட்சி ஒன்று உண்டு. அலாஸ்காவில் குடியேறியாயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டை அழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்க் காப்பாற்ற வேண்டும் என்கிறார் மார்ஜ். தன்னைக் கொல்ல வந்த ஊருக்காக நான் ஏன் போக வேண்டும் என்று ஹோமர் மறுக்கிறார், கோபித்துக்கொண்டு வெளியே போகிறார். திரும்பி வந்தால் வீட்டில் யாரும் இல்லை. டிவி அருகே ஒரு வீடியோ கேசட் இருக்கிறது.

போட்டுப் பார்க்கிறார். மார்ஜ் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். எல்லோரும் உன்னைப் பற்றிக் குறை சொன்னபோது நான் உன் பக்கம் நின்றேன், நீ செய்வதையெல்லாம் கண்டும் காணாமல் விட்டதால்தான் நாம் சேர்ந்திருந்தோம், அப்படி விட்டதற்குக் காரணம் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று இப்போது தெரியவில்லை என்று நிறுத்துகிறார். இது முடிவுதான் என்பதை எனக்கே நிரூபித்துக்கொள்ள, நம் கல்யாண வீடியோவின் மேலேயே இதைப் பதிவு செய்கிறேன் என்கிறார். பேச்சு முடிகிறது. திரை ஒரு கணம் புள்ளிகளாகக் கலைகிறது. அதற்கடியில் அழியாமல் மிச்சமிருந்த கல்யாண வீடியோ ஓடத் தொடங்குகிறது. இளம் வயது ஹோமரும் மார்ஜும் மெல்ல நடனமாடுகிறார்கள், பின்னால் 'க்ளோஸ் டு யூ' பாட்டு.

ஜூலி கவ்னரின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ஜின் கரகரத்த குரலுக்கு நாம் அத்தனை வருடமாகச் சிரித்துப் பழகியிருக்கிறோம். அந்தக் காட்சியில் அதே குரலில் சிரிப்புக்கான எந்த அசைவும் இல்லை. அழுகையும் இல்லை. களைத்துப்போன ஒரு மனுஷியின் குரல் மட்டும் இருக்கிறது. நான் எத்தனை தடவை பார்த்தாலும் 'அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை' என்ற இடத்தில் தொண்டை அடைக்கும்.

தொடரைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இங்கே இன்னும் இரண்டு அடுக்கு இருக்கிறது. 1991 ஜனவரியில் வந்த 'த வே வி வாஸ்' எபிசோடில், பள்ளி நாட்களில் ஹோமர் மார்ஜை முதன்முதலாகப் பார்க்கும் தருணத்தில் ஒலித்தது இதே பாட்டு. 16 வருடத்துக்கு முன்னால் கேட்டதை நினைவில் வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பரிசு அது. இரண்டாவது, ஒரு சிக்கல். 1991 டிசம்பரில் வந்த 'ஐ மேரிட் மார்ஜ்' எபிசோடின்படி இவர்களுடைய கல்யாணம் மாநில எல்லையைத் தாண்டி ஒரு மலிவான மண்டபத்தில், அவசர அவசரமாக நடந்தது. அப்படியிருக்க இந்த நடனமும் வீடியோவும் எங்கிருந்து வந்தன? 1996இல் 'எ மில்ஹவுஸ் டிவைடட்' எபிசோடில் ஹோமர் மார்ஜை விவாகரத்து செய்து மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார், அந்த வீடியோவா என்றால், திரையில் இருப்பவர்கள் அதைவிட இளையவர்கள். ரசிகர்கள் இப்படிக் கணக்குப் பார்ப்பதைச் சில்லறை வேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒரு குடும்பத்தின் கல்யாண நாள் எது என்று சண்டை பிடிப்பது அந்தக் குடும்பத்தை உண்மை என்று நம்புகிறவர் மட்டுமே செய்கிற காரியம்.

இந்தக் காட்சி ஏன் இத்தனை பாதித்தது? மார்ஜ் ஹோமரை விட்டுப் போகும் நிலை தொடரில் புதிதல்ல. 1990இல், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தின் பயிற்சியாளர் ஒருவர் அவர் மனதைக் கலைத்தார். 1994இல் 'சீக்ரெட்ஸ் ஆஃப் எ சக்சஸ்ஃபுல் மேரேஜ்' எபிசோடில் ஹோமரை வீட்டைவிட்டே வெளியேற்றினார். ஆனால் தொலைக்காட்சியில் நமக்குத் தெரியும், இன்னும் எட்டு நிமிடத்தில் சரியாகிவிடும். தியேட்டரில் அந்தக் கடிகாரம் நம் கையில் இல்லை. இது கடைசிப் படமாக இருக்கலாம், தொடரின் முடிவாகக்கூட இருக்கலாம் என்ற ஒரு சின்னப் பயம் பார்ப்பவருக்குள் இருந்தது. மாறாத ஊரில் முதல்முறையாக ஏதோ ஒன்று நிஜமாகவே உடைந்துபோகக்கூடும் என்று தோன்றியது. சினிமா என்ற வடிவம் இந்தத் தொடருக்குச் செய்த மிகப் பெரிய உதவி அந்தப் பயம்தான் என்பேன்.

பார்ட்டின் பகுதியும் கிட்டத்தட்ட இதே ரகம். அப்பா தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உணர்ந்த பையன், சூடான கோகோ ஊற்றித் தரும் பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸிடம் ஒட்டிக்கொள்கிறான். இரவில் அந்த வீட்டு வெளிச்சத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். லிசாவுக்குக் கிடைத்த அயர்லாந்துப் பையன் காலினோ அவ்வளவாக யார் மனதிலும் ஒட்டவில்லை.

படம் வந்த சமயத்தில் நடந்த கொண்டாட்டமும் ரசிகர் எதிர்வினையின் ஒரு பகுதிதான். ஸ்பிரிங்ஃபீல்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைத் தொடர் ஒருநாளும் சொன்னதில்லை. அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஊர்கள் ஏராளம். முதல் காட்சியை எங்கே நடத்துவது என்று 14 ஸ்பிரிங்ஃபீல்டுகளுக்கு இடையே போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தன் ஜனங்களை வைத்து ஒரு குறும்படம் எடுத்து அனுப்பியது. வெர்மான்ட் மாநிலத்தின் சின்ன ஸ்பிரிங்ஃபீல்ட் வென்றது, ஜூலை 21 அன்று அங்கேதான் முதல் காட்சி நடந்தது. அதே ஜூலையில் செவன் இலெவன் கடைகள் சிலவற்றை, தொடரில் அப்பு என்ற கடைக்காரர் நடத்தும் 'க்விக் ஈ மார்ட்' போலவே மாற்றி, தொடரில் வரும் 'பஸ் கோலா' பானத்தையும் 'கிரஸ்டி ஓஸ்' காலை உணவையும் நிஜமாகவே அடுக்கிவைத்தார்கள். கார்ட்டூனில் மட்டும் இருந்த கடைக்குள் நடந்து போகலாம் என்றானதும் கூட்டம் அலைமோதியது.

ஆனால் அந்தக் கடை எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிக்கவில்லை. அப்பு இந்தியர், அவருக்குக் குரல் கொடுத்தவர் இந்தியர் அல்லாத ஹேங்க் அசாரியா. பள்ளியில் அந்தக் குரலாலேயே கேலிக்கு ஆளான இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, அதைப் பற்றி வாய்திறந்தார்கள். 2017இல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 'த ப்ராப்ளம் வித் அப்பு' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஹரி கொண்டபோலு சிம்ப்சன்ஸை வெறுக்கிறவர் அல்ல, அதைப் பார்த்து வளர்ந்த ரசிகர். நேசித்த ஒன்று தன்னைக் காயப்படுத்தியது என்று சொல்வதும் ரசிகர் எதிர்வினைதான். அதைச் சொல்ல மற்ற எல்லாவற்றையும்விட அதிகத் துணிவு வேண்டும்.

மற்ற தொடர்களோடு ஒப்பிட்டால் சிம்ப்சன்ஸின் நிலை எவ்வளவு வித்தியாசமானது என்பது தெரியும். 'சவுத் பார்க்' தொடங்கியது 1997 ஆகஸ்டில், அதன் படம் வந்தது 1999 ஜூனில். இரண்டு வருடத் தொடருக்குப் பொற்காலம் என்று எதுவும் இல்லை, ஏங்குவதற்குப் பழைய நாட்கள் இல்லை. அதனால் ரசிகர்கள் படத்தைப் படமாகவே பார்த்தார்கள். தொலைக்காட்சியில் பேச முடியாத கெட்ட வார்த்தையெல்லாம் பேசியதே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. 'த ஜெட்சன்ஸ்' படம் 1990இல் வந்தபோது, ஜூடி பாத்திரத்துக்கு முதலிலிருந்து குரல் கொடுத்த ஜேனட் வால்டோவை நீக்கிவிட்டுப் பாப் பாடகி டிஃப்பனியின் குரலை வைத்தார்கள். படத்தில் வேறு எது எப்படி இருந்தாலும் பழைய ரசிகர்கள் பேசியது அதைத்தான். அனிமேஷனில் முகத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம், குரலை மாற்ற முடியாது. 2022இல் வந்த 'த பாப்ஸ் பர்கர்ஸ் மூவி' பதினொரு வருடத் தொடரின் ரசிகர்களை நிறைவாகவே அனுப்பிவைத்தது, ஆனால் வெளியாட்கள் பெரிதாக வரவில்லை, வசூலில் சிம்ப்சன்ஸின் பக்கத்தில்கூட நெருங்கவில்லை. சிம்ப்சன்ஸ் படமோ சுமார் 7.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் முதல் மூன்று நாளிலேயே 7.4 கோடி டாலர் ஈட்டியது. உலகெங்கும் சேர்த்து 52 கோடி டாலருக்கும் மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தது.

அப்புறம் என்ன நடந்தது? 2007 செப்டம்பர் 23 அன்று தொடரின் 19ஆவது சீசன் தொடங்கியது. வழக்கமாக வரும் தொடக்கக் காட்சியில் பார்ட் ஸ்கேட்போர்டில் இடிபாடுகளுக்கு நடுவே போகிறான், ஊர் இன்னும் பழுதுபார்க்கப்படுகிறது, பன்றியும் ஒருமுறை முகம் காட்டுகிறது. அந்தத் தொடக்கம் முடிந்ததும் படத்தின் கதையும் முடிந்துவிட்டது. ஊர் பழைய ஊர். கூண்டு உடைந்தபோது கண்ணாடித் துண்டு குத்திச் செத்துப்போன டாக்டர் நிக் பின்னாளில் உயிரோடு தென்பட்டார். காலினுக்குத் தொடரில் கதையே கிடைக்கவில்லை. மார்ஜின் கேசட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

இது சிலரை உண்மையாகவே வருத்தியது. அத்தனை கண்ணீர் விட்டோமே, அது நடந்ததா இல்லையா என்று கேட்டார்கள். வேறு சிலருக்கு அதுவே ஆறுதல்: படம் வந்து போய்விட்டது, சோபா அதே இடத்தில் இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஸ்பிரிங்ஃபீல்ட் நிரந்தரமாக மாறியிருந்தால், நாம் வீட்டுக்கு வந்து டிவியைப் போடும்போது நமக்குத் தெரிந்த இடம் அங்கே இருந்திருக்காது. ஆனாலும் முதல் கட்சியின் வருத்தம் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அதே கேள்வி திரும்ப வருகிறது. 2019இல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ டிஸ்னியின் கைக்குப் போனது. 2025இல் தொடரை 40ஆவது சீசன் வரை நீட்டித்தார்கள், அதே வருடம் இரண்டாவது படம் 2027இல் வரும் என்றும் அறிவித்தார்கள். அறிவிப்பைப் பார்த்த ரசிகர்களின் முதல் கவலை கதையைப் பற்றி இல்லை, குரல்களைப் பற்றி. நடிகர்களுக்கு வயதாகிவிட்டது, கவ்னரின் குரல் முன்பைவிடத் தேய்ந்திருக்கிறது. 35 வருடம் மில்ஹவுஸாக இருந்த பமேலா ஹேடன் 2024இல் ஓய்வு பெற்றார். திரையில் காலத்தை நிறுத்திவைக்கலாம், ஒலிப்பதிவு அறையில் முடியாது. தொடர்ந்து பார்த்துவருகிறவர்கள் அந்த மாற்றத்தை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பழகிவிட்டார்கள். 2007க்குப் பிறகு பார்க்காமல் விட்டு நேரே தியேட்டருக்கு வருகிறவர் அதை ஒரே அடியாகக் கேட்கப் போகிறார்.

முதல் படத்தின் கடைசியில், பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, குடும்பம் இன்னும் தியேட்டரில் உட்கார்ந்திருப்பது தெரியும். கிளம்பலாமா என்ற பேச்சு வருகிறது. எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள், பெயர்களைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற பதிலும் வருகிறது. அப்போது மேகி சூப்பானை எடுத்துவிட்டு வாய்திறக்கிறாள். 1992இல் ஒருமுறை அவள் 'அப்பா' என்று சொன்னபோது எலிசபெத் டெய்லர் குரல் கொடுத்தார். அன்று அறையில் அவள் தனியாக இருந்தாள், ஹோமர் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு சொன்னாள், வீட்டில் யார் காதிலும் விழவில்லை. இந்தமுறை எல்லோருக்கும் நடுவில் சொல்கிறாள்: 'அடுத்த பாகம்?' விளக்கு போட்டதும் கிளம்பிவிட்டவர்கள் அதைக் கேட்கவில்லை. கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள்.